காளையின் இரத்தத்தையும் எடுத்துப் பாருங்கள்

திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களில் கோமாரித் தடுப்பூசிப் பணியில் இருக்கும் கால்நடை மருத்துவர்களுக்கு,

வணக்கம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசி போடுகிறீர்கள். பிறகு சில மாடுகளில் இரத்தம் எடுத்து எதிர்ப்புச் சக்தி ஏறியிருக்கிறதா என்று சோதிக்கிறீர்கள். அந்த முடிவுகளை ஆண், பெண் என்று பிரித்து எங்களுக்குச் சொல்லுங்கள் என்பதே இம்மடல்.

பாலூட்டிகளில் பொதுவாகப் பெண்ணுடலே தடுப்பூசிக்குக் கூடுதல் எதிர்ப்புப் பொருளை உண்டாக்கும். ஆணுடலில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் அதைச் சற்று அடக்கும். அதற்காக, பசுவின் அளவு கூடுதலாக வந்தவுடன் காரணத்தை அந்தச் சுரப்பின் மேல் மட்டும் போட்டுவிடவும் கூடாது. கறவைப் பசு பல ஆண்டுகள் ஒரே கட்டுத்தரையில் நின்று, ஊசிமேல் ஊசி வாங்கியிருக்கும். காளைக்கன்றோ, முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்துப் போட வேண்டிய ஊக்க ஊசிக்கு முன்பே கைமாறிவிடும். எனவே வயதையும், இதுவரை போட்ட ஊசிகளின் எண்ணிக்கையையும் சேர்த்தே எழுதுங்கள்.

ஆண் என்ற ஒரே கட்டமும் எங்கள் பக்கத்துக்குப் போதாது. இனச்சேர்க்கைக்கு விடும் பூச்சிக்காளை வேறு, காயடித்த எருது வேறு. எருதின் உடலில் அந்தச் சுரப்பு மிகக் குறைவு. ஒரே இனத்தில், ஒரே கொறங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்) மேயும் பசு, காளை, எருது மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு காங்கேயம் மாட்டில் கிடைக்கும். இதை ஏன் விட வேண்டும்?

ஊர் ஊராக அலைவதும் காளைகள்தாம். பழையகோட்டைச் சந்தை, கண்ணபுரம் மாட்டுத்தாவணி, ஆடி மாத அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை, ரேக்ளா என்று காளைகள் போகாத இடமில்லை. பால் குறைந்துவிடுமே என்று பயந்தாலும் பசுவை எப்படியோ ஊசிக்குக் கொண்டுவந்து விடுகிறோம். முட்ட வரும் காளையைத்தான் 'அப்புறம் பார்க்கலாம்' என்று விடுகிறோம்.

பாலினம் பார்ப்பது உங்களுக்கும் புதிதல்ல. 2019இல் தொடங்கிய, கோமாரி ஊசியும் போடும் இதே தேசியத் திட்டத்தில், சினை கலைந்துவிடும் கன்று வீச்சு நோய்க்கான புரூசெல்லா ஊசியை நான்கு முதல் எட்டு மாதக் கிடேரிகளுக்கு மட்டுமே போடுகிறீர்கள்.

அந்தியூர்ச் சந்தைக்குக் காளைகள் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே ஊசியை முடித்து, கிளம்பும் முன் இரத்தம் எடுக்க ஏற்பாடு செய்யுங்கள். மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நிறுத்துவது எங்கள் பொறுப்பு. விடிந்ததும் வந்துவிடுங்கள், மேய்ச்சலுக்கு அவிழ்த்துவிட்டால் பிடிக்க முடியாது.

இப்படிக்கு,
காங்கேயம் வட்டாரத்து மாடு வளர்ப்பவன்