கொலையாளி யார் என்பதைப் பதிப்பாசிரியரிடமாவது சொல்லிவிடலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிய எழுத்தாளர்கள் பதிப்பகங்களுக்கு நாவல் அனுப்பும் முறை குறித்துத் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பெரும்பகுதி பயனுள்ளதுதான். ஆனால், மர்ம நாவலுக்கான அறிமுகக் கடிதத்தில் முடிவை மறைத்து வைத்தால்தான் பதிப்பாசிரியருக்கு ஆவல் பிறக்கும் என்று அதில் கூறப்பட்டிருப்பதை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை.

சேலம் அஸ்தம்பட்டியில் தட்டச்சும் பக்க வடிவமைப்பும் செய்து தரும் சிறிய கடை ஒன்றை நடத்தி வருகிறேன். துப்பறியும் நாவலொன்றை 1950ஆம் ஆண்டிலேயே படமாக்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த ஊர் என்பதாலோ என்னவோ, மர்மக் கதை எழுதுவோருக்கு இங்கே பஞ்சமில்லை. அவர்களுடைய கைப்பிரதிகளோடு, அவற்றுடன் அனுப்பும் கடிதங்களையும் நானே அடித்துக் கொடுக்கிறேன். 'பக்கத்துக்குப் பக்கம் திருப்பம்', 'மூச்சுவிட மறக்கச் செய்யும் விறுவிறுப்பு' என்ற தொடர்கள் இல்லாத கடிதத்தைக் காண்பது அரிது. இவை பின்னட்டையில் இருக்க வேண்டிய சொற்கள்; அங்கும் அவசியமா என்பது வேறு விஷயம். பின்னட்டை, புத்தகத்தை வாங்கலாமா என்று யோசிக்கும் வாசகருக்காக எழுதப்படுவது. பதிப்பாசிரியரோ அச்சுக்கும் தாளுக்கும் பணம் போடலாமா என்று முடிவு செய்ய வேண்டியவர். துப்புகள் முன்கூட்டியே நேர்மையாக வைக்கப்பட்டிருக்கின்றனவா, கடைசி அத்தியாயத்தில் திடீரென்று முளைக்கும் இரட்டைச் சகோதரனால் முடிச்சு அவிழ்கிறதா என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

கட்டுரையாளரின் குழப்பம் எங்கிருந்து வந்தது என்பதை ஊகிக்க முடிகிறது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எழுத்தாளர் முதலில், தம் சார்பில் பதிப்பகங்களோடு பேசும் இலக்கிய முகவருக்கு ஒரு பக்க அளவில் கடிதம் எழுதுகிறார். அதில் வழக்கமாக முடிவு இராது. ஆனால் முகவர் கேட்கும் கதைச்சுருக்கம் தனித் தாள். அதில் கொலையாளி யார் என்பது வரை எல்லாம் இருந்தாக வேண்டும். தமிழில் பெரும்பாலும் முகவர் என்று ஒருவர் இல்லாமல் நேரடியாகப் பதிப்பகத்துக்கே எழுதுகிறோம் என்பதால், இரண்டு தாள்களையும் ஒரே உறையில் வைத்து அனுப்புவதே முறை. நானும் இளவயதில் ஒரு நாவலை அனுப்பி, 'முடிவை அறிய முழுவதும் வாசிக்க வேண்டுகிறேன்' என்று கடிதத்தை முடித்திருந்தேன். 'முடிவு யாதெனத் தெரிவிக்கவும்' என்று ஒரு வரியில் அஞ்சலட்டை வந்தது. வெட்கத்தில் பதில் எழுதாமலே இருந்துவிட்டேன்.

முதல் தாளாகிய கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்? யாருக்கு என்ன நேர்ந்தது, அவர் எதைச் செய்தாக வேண்டும், எந்த நேரத்துக்குள், தவறினால் எதை இழப்பார் என்பவை இரண்டு மூன்று வாக்கியங்களில் வந்துவிட வேண்டும். என் கற்பனையிலேயே ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன்: 'ஏற்காட்டுக் காபித் தோட்டம் ஒன்றின் கணக்கர் மல்லிகா, இறந்துபோன தொழிலாளர்களின் பெயரில் ஆண்டுக்கணக்கில் கூலி எடுக்கப்பட்டிருப்பதைக் கண்டுபிடிக்கிறாள். உயிரோடிருக்கும் அவளுடைய தந்தையின் பெயரும் இறந்தோர் பட்டியலில் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. விடிவதற்குள் அந்தப் பதிவேட்டைச் சேலத்துக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். அடைமழையில் மலைப்பாதை மண் சரிந்து அடைபட்டிருக்கிறது.' சேர்வராயன் மலையின் பனிமூட்டத்தையும் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் வருணிக்க முழுப் பத்தி ஒதுக்குவோர் உண்டு. அந்த வளைவுகள் கதாநாயகியைத் தடுத்தாலொழிய அவற்றுக்குக் கடிதத்தில் இடமில்லை.

இந்த எடுத்துக்காட்டிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. எங்கள் ஊர்க்காரர் யாரும் உடனே கேட்பார்: அடிவாரம் பாதை அடைபட்டால் குப்பனூர் வழியாக இறங்க வேண்டியதுதானே? அவள் ஏன் அவ்வழியே போக முடியாது என்பதற்கு, அங்கே காவலிருப்பவன் இன்னான் என்று கடிதத்திலேயே அரை வாக்கியம் சேர்த்துவிட வேண்டும். பதிப்பாசிரியர் சேலத்தைப் பார்த்திராதவராக இருக்கலாம். ஆயினும் தப்பிக்க எளிய வழி இருக்கும்போது கதாபாத்திரம் அதை நாடாமலிருப்பதை, கதைச்சுருக்கத்தைப் படிக்கும்போதே அவர் கண்டுபிடித்துவிடுவார்.

எழுதியவரைப் பற்றி இரண்டு வரியும், நாவலின் சொல் எண்ணிக்கையும், முழுதாக எழுதி முடிக்கப்பட்டதா என்ற தகவலும் போதும். குடும்பத்தார் படித்துப் பாராட்டியதைக் குறிப்பிட வேண்டியதில்லை.

அடுத்த ஞாயிறு இணைப்பில், கடிதம் வேறு, கதைச்சுருக்கம் வேறு என்பதை ஒரு சிறு குறிப்பாகவேனும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கட்டுரையைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு இந்த வாரம் மட்டும் இருவர் என் கடைக்கு வந்துவிட்டார்கள்.

இப்படிக்கு,
தட்டச்சகம் நடத்தும் வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்.