கோஹனின் பாட்டும் பிரார்த்தனையும்

அன்புள்ள ராகவா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியில் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. எனக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. கொஞ்ச நாள் படிக்கக் கூடாது என்பதால் பாட்டுக் கேட்டே பொழுது போகிறது.

கனடாவின் கவிஞரும் பாடகருமான லெனார்ட் கோஹனின் ‘ஹல்லேலூயா’வை (1984) பக்திப் பாட்டு என்று நம்பிக் கேட்டு, சமையலறை நாற்காலியில் ஒருவனைக் கட்டிப்போடும் இடம் வந்ததும் திகைத்துப்போனதாக எழுதியிருந்தாய். பைபிளில் வரும், மாடியில் குளிக்கும் பெண்ணைக் கண்டு மயங்கும் தாவீது ராஜாவையும், தலைமுடி கத்தரிக்கப்பட்டு வலிமை இழக்கும் சிம்சோனையும் ஒரே சரணத்தில் அவர் ஒருவராக்கிவிடுகிறார். அந்த வேதாகமக் கதைகளோடு அவ்வளவு உரிமையோடு புழங்க வெளியாளால் முடியாது. 1934இல் மான்ட்ரியலில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். தாய்வழித் தாத்தா, தால்முத் என்னும் யூத சமய நூலைக் கற்ற ரபி, அதாவது யூத மதகுரு. பதினைந்து வயதில் ஸ்பானியக் கவிஞர் லோர்காவின் தொகுப்பு கையில் அகப்பட்டது. பின்னாளில் மகளுக்கே லோர்கா என்று பெயர் வைத்தார் என்றால் அந்தப் பித்து எத்தகையது என்று பார்த்துக்கொள்.

ஆனால் கோஹனை அறிய, என் கணிப்பில், 1974இல் வந்த ‘ஹூ பை ஃபயர்’தான் சரியான வாசல். யூதப் புத்தாண்டிலும் யோம் கிப்பூர் என்னும் பாவமன்னிப்பு நாளிலும் ஓதும் பழைய பிரார்த்தனை ஒன்று, வரும் ஆண்டில் நெருப்பால் மாள்பவர் யார், நீரால் மாள்பவர் யார் என்று அடுக்கிக்கொண்டே போகும். கோஹன் அந்த அடுக்கை அப்படியே எடுத்துக்கொண்டு, தூக்க மாத்திரையால் சாகிறவரையும் அதில் சேர்த்துவிட்டார். மூலத்தில், மனந்திரும்புதலும் பிரார்த்தனையும் தானமும் கடுந்தீர்ப்பை விலக்கும் என்ற ஆறுதல் உண்டு. அவர் பாட்டில் அது இல்லை. அந்த இடத்தில், அழைப்பது யாரென்று நான் சொல்வது என்ற கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. வடிவத்தைக் காப்பாற்றிக்கொண்டு உறுதிமொழியை மட்டும் உருவிவிடும் இந்தத் துணிச்சலைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

தொண்ணூறுகளில் கலிஃபோர்னியாவின் மவுண்ட் பால்டி ஜென் பௌத்த மடத்தில் சில ஆண்டுகள் தங்கி, 1996இல் துறவியாகத் தீட்சை பெற்றார். அங்கிருந்து வெளியேறியபின் மும்பைக்கு வந்து ரமேஷ் பல்சேகரின் அத்வைத உரைகளைக் கேட்டார். ஆனாலும் யூதன் என்பதை அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை. 2016இல், இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் வெளிவந்த ‘யூ வான்ட் இட் டார்க்கர்’ பாட்டில், சிறுவயதில் குடும்பத்தோடு போன அதே ஜெபாலயத்தின் பாடகர் குழு பின்னால் ஒலிக்கிறது. கடவுள் கூப்பிட்டபோது ஆபிரகாம் சொன்ன ‘ஹினேனி’யை, ‘இதோ இருக்கிறேன்’ என்பதை, கோஹனும் சொல்கிறார். ஆனால் வராத உதவிக்காக எரிந்த லட்சக்கணக்கான மெழுகுவத்திகளை நினைவூட்டிவிட்டுத்தான் சொல்கிறார்.

‘ஹூ பை ஃபயர்’, ‘யூ வான்ட் இட் டார்க்கர்’ இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு, இவற்றையும் பக்திப் பாட்டு என்பாயா என்று எழுது. நான் ஆமென்றுதான் சொல்வேன். உன் மறுப்புக்குக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
சண்முகம்