டிராம்வே தடத்தில் ஒரு பகல் நடக்க விடுங்கள்

பரம்பிக்குளம் புலிகள் காப்பகத்தைக் கவனித்துக்கொள்ளும் கேரள வனத்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் காட்டுக்கு வண்டியில் வர வேண்டுமென்றால் பாலக்காட்டுக்காரர்களும் எங்கள் சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான் சுற்றி வருகிறார்கள். நூறு வருடத்துக்கு முன்னால் சாலக்குடியிலிருந்து நேராகக் காட்டுக்குள்ளேயே ரயில் போனது. கொச்சி சமஸ்தான வன டிராம்வே. 1907 முதல் 1963 வரை ஓடியது, நீளம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். அது போன தடத்தில் கொஞ்ச தூரத்தையாவது, காலையில் வந்து மாலையில் திரும்புகிற எங்களைப் போன்றவர்களுக்கு நடைபாதையாக ஒதுக்குங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அந்த வேலையின் சாமர்த்தியம் இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது. சமமான இடங்களில் நீராவி எஞ்சின் இழுத்தது. செங்குத்தான சரிவில் எஞ்சின் உதவாது. அங்கே இரும்பு வடத்தின் ஒரு முனையில் மரம் ஏற்றிய வண்டியைக் கட்டி இறக்குவார்கள். இறங்குகிற கனமே மறுமுனையில் இருக்கும் காலி வண்டியை மேலே இழுத்துவிடும். பிரேக் பிடிக்க ஆள் இருந்தால் போதும். இப்படி இறங்கிய தேக்கும் ஈட்டி மரமும் சாலக்குடியில் ரயில் ஏறி, கொச்சித் துறைமுகம் போய், கடல் தாண்டின.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. காட்டை வெட்டிக் கொண்டுபோகப் போட்ட பாதைதான் அது. ஆனால் பரம்பிக்குளம் வருகிறவர்கள் கன்னிமாரா தேக்கைப் பார்க்கிறார்கள், ஒரு மரத்துக்கு இவ்வளவு சுற்றளவா என்று வாயைப் பிளக்கிறார்கள், படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அதன் கூட நின்ற மரங்கள் எங்கே போயின, சுற்றிலும் வரிசை பிடித்து நிற்கும் தேக்கெல்லாம் யார் நட்டது என்று ஜீப்பில் உட்கார்ந்தபடி யாருக்கும் கேட்கத் தோன்றாது. தடத்தில் நடந்தால் தோன்றும்.

எஞ்சின் ஓடிய பாதை என்பதால் ஏற்றம் மெதுவாகத்தான் இருக்கும். முழங்கால் வலிக்காரர்களும் சமாளிக்கலாம். வடம் போட்ட சரிவுகளை விட்டுவிடுங்கள், அது எங்களுக்கு வேண்டாம். குரியார்குட்டியை ஒட்டி ஒரு துண்டு கிடைத்தால் ரொம்ப நல்லது. 1930களில் பறவைகளைக் கணக்கெடுக்க வந்த சாலிம் அலி தங்கிய இடம் அது.

சிமெண்ட் போடாதீர்கள், காட்சிக் கோபுரம் கட்டாதீர்கள். யாராவது பொம்மை ரயில் விடலாம் என்று கோப்பு கொண்டுவந்தால் தயவுசெய்து திருப்பி அனுப்பிவிடுங்கள். சின்னக் குழுக்கள், கூடவே காடர், மலசர் பழங்குடி வழிகாட்டிகள், அவ்வளவுதான். யானைத் தடம் புதிதாகத் தெரிகிறது, திரும்புவோம் என்று அவர்கள் சொன்னால் அதற்கு மேல் பேச்சே இருக்கக்கூடாது. காட்டுத்தீக் காலத்தில் மூடிவிடுங்கள். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் மலையேறப் போன 23 பேரை இழந்தவர்கள் நாங்கள். அதற்குப் பிறகும் 2024இல் தமிழ்நாட்டு வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளை முன்பதிவு முறையில் திறந்தது. வழிகாட்டிகளாகப் பழங்குடி இளைஞர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். எந்த ஏற்பாடு சரியாக நடக்கிறது, எது இடிக்கிறது என்று எல்லைக்கு இந்தப் பக்கம் டாப்சிலிப்பில் இருக்கும் தமிழ்நாட்டு வன அலுவலர்களிடமே கேட்டுக்கொள்ளலாம்.

கட்டணம் கொஞ்சம் கூடுதலாக வைத்தாலும் பரவாயில்லை. அதில் வழிகாட்டியின் கூலி எவ்வளவு என்பதை ரசீதில் தனியாக அச்சடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பொள்ளாச்சியிலிருந்து ஒரு நடைக்காரர்