அடிக்கு ஒரு குமிழ்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருப்பாதிரிப்புலியூரில் 31 வருஷம் மெஸ் நடத்தியவன் நான். வயதாகிவிட்டதால் கடையை மூடினேன். அந்தக் கட்டடமும் இப்போது இல்லை, இடத்துக்காரர் இடித்துவிட்டு அடுக்குக் கடை கட்டிவிட்டார். அதைச் சொல்லி அழுவதற்கு இந்தக் கடிதம் இல்லை. ஏழாவது படிக்கும் என் பேத்தி அந்த மெஸ்ஸை லெகோ என்கிற, ஒன்றின்மேல் ஒன்று பூட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் விளையாட்டுக் கட்டைகளில் கட்டி, பள்ளிக் கண்காட்சிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். "பொம்மையெல்லாம் வேண்டாம்மா, ஒர்க்கிங் மாடலா கொண்டு வா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் சமையல் சோடாவும் வினிகரும் ஊற்றினால் பொங்குகிற எரிமலையோடு போனாள். அன்றைக்கு அந்த ஹாலில் மொத்தம் ஐந்து எரிமலைகள். நான் எண்ணினேன். கடலூர் மாவட்டத்தில் எனக்குத் தெரிந்து எரிமலை ஒன்றும் கிடையாது.

கட்டைகள் என் மகன் சிங்கப்பூரில் இருந்தபோது வாங்கியவை. 2014-இல் வந்த பாரிஸ் ரெஸ்டாரன்ட் செட், 2,469 துண்டுகள். கீழே சமையலறை, மேலே வீடு, உச்சியில் ஓவியர் ஒருவரின் அறை. அழகுதான், குறை சொல்ல முடியாது. பேத்தி அதைப் புத்தகத்தைப் பார்த்து ஒருமுறை கட்டி முடித்துவிட்டு, "தாத்தா, இதுல இலை போட எடம் எங்க?" என்றாள். அப்புறம் மொத்தத்தையும் கலைத்துவிட்டு எங்கள் கடையை ஆரம்பித்தோம்.

முதலில் கண்ணளவில் கட்டினோம். உள்ளே இரண்டு மேசைதான் போனது. ஆறு மேசை, 24 பேர் உட்கார்ந்த கடை அது! சரி என்று பழைய வாடகைப் பத்திரத்தைத் தேடி எடுத்தேன். அகலம் 14 அடி, நீளம் 32 அடி. பேத்தி ஸ்கேலை வைத்துப் பார்த்து, கட்டையின் தலையில் உள்ள குமிழுக்குக் குமிழ் 8 மில்லிமீட்டர் என்றாள். அடிக்கு ஒரு குமிழ் என்று வைத்துக்கொண்டோம். 14 குமிழ், 32 குமிழ், முடிந்தது கணக்கு. இந்தக் கணக்கில் லெகோ மனிதன் சுமார் ஐந்தடி உயரம் வருகிறான். எங்கள் மாஸ்டரும் அவ்வளவுதான்.

சுவர் பத்தடி. அப்படியென்றால் 80 மில்லிமீட்டர் வேண்டும். ஒரு கட்டையின் உயரம் 9.6, எட்டு அடுக்கினால் 76.8. மிச்சம் 3.2. தட்டையாக 'பிளேட்' என்று ஒன்று இருக்கிறதே, அதன் உயரம் சரியாக 3.2. இதைக் கண்டுபிடித்த அன்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். தசமத்தில் அவள் வாங்கிய மதிப்பெண்ணை நான் இங்கே எழுதப்போவதில்லை.

கதவுதான் பெரும்பாடு. எங்கள் கடைக்கு ஷட்டர் கிடையாது, பலகைக் கதவு. எட்டடி வாசலுக்குப் பத்துப் பலகை, ஒவ்வொன்றிலும் பெயின்ட்டில் நம்பர். மழைக்காலத்தில் நாலாம் நம்பர் ஊதிக்கொண்டு இறங்கவே இறங்காது, தோளால் இடிக்க வேண்டும். கட்டையை நேராக அடுக்கினால் பலகை மாதிரி தெரியவில்லை. பிளேட்டுகளைக் குத்தலாக நிறுத்திப் பார்த்தாள். ஐந்து பிளேட் சேர்ந்தால் சரியாக இரண்டு குமிழ் அகலம். எட்டுக் குமிழ் வாசலுக்கு இருபது பிளேட், பலகைக்கு இரண்டு. ஒரு மயிரிழைகூட இடைவெளி விடாமல் உட்கார்ந்தது. என் கடையின் நிஜக் கதவு ஒருநாளும் அப்படி உட்கார்ந்ததில்லை.

மேசைகளைப் போட்ட பிறகு நடுவில் இரண்டு குமிழ் வழிதான் மிஞ்சியது. சாம்பார் வாளியோடு நின்ற லெகோ ஆள் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு போகிறான். "இதுலயா தாத்தா 31 வருஷம் நடந்தீங்க?" என்றாள்.

கூரை நான் அடம்பிடித்த இடம். தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியபோது எங்கள் ஓடு அத்தனையும் போயிற்று. அதற்குப் பிறகு தகரம்தான். பேத்திக்குத் தெரிந்தது தகரக் கடை. நான் கேட்டது ஓட்டுக் கடை. சரிவுக் கட்டைகள் போதாமல் பின்பாதியைத் தகரமாகவே விட்டுவிட்டோம். கண்காட்சியில் யாராவது ஏன் இப்படி என்று கேட்டிருந்தால் புயல் கதையைச் சொல்லியிருப்பாள்.

எல்லாம் முடிந்ததும் மாஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். "மொதலாளி, தோசைக்கல்ல மாத்திப் போட்டுட்டீங்க. நான் எடதுகைக்காரன், கல்லு இந்தப் பக்கம் இருந்தா மாவு எப்படி ஊத்துவேன்?" என்றார். 31 வருஷம் அவர் ஊற்றிய தோசையை விற்றவன் நான், இதைக் கவனித்ததில்லை. அன்று மாலையே கல்லை நாலு குமிழ் தள்ளி வைத்தோம்.

பள்ளிகளுக்கு நான் கேட்பது பெரிய விஷயமில்லை. கண்காட்சியில் நம்ம ஊர்க் கட்டடங்களுக்கு ஒரு மேசை ஒதுக்குங்கள். லெகோ விலை கூடுதல்தான், எல்லோராலும் முடியாது. அட்டை, தீப்பெட்டி, களிமண் எதுவானாலும் சரி. ஆனால் பிள்ளை டேப்பை வைத்து அளந்திருக்க வேண்டும், அளவுத் தாளை மாடலுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். இரண்டுக்கு நாலு என்று எட்டுக் குமிழ் உள்ள லெகோ கட்டை ஆறு, எல்லாம் ஒரே நிறம், அவற்றை 91,51,03,765 விதமாகச் சேர்க்கலாமாம். கணக்கு ஆசிரியர்களுக்கு இதுவே ஒரு பீரியடுக்குத் தாங்கும்.

பேத்தி அடுத்து எங்களை ஒட்டி இருந்த சைக்கிள் கடையைக் கட்ட வேண்டும் என்கிறாள். அதன் ஜன்னல் இடப்பக்கமா வலப்பக்கமா என்பதில் எனக்கும் மாஸ்டருக்கும் சண்டை. திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் 2011-க்கு முன்னால் எடுத்த தெருப் படம் யாரிடமாவது இருந்தால், உங்கள் அலுவலகத்தில் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழைய மெஸ்காரர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.