குடல் புரோபயாட்டிக் பொடியில் நைட்ரோஃபுரான்: உங்கள் பதில் ஏற்கத்தக்கதல்ல

அனுப்புநர்: இறால் வளர்ப்போர் குழு, நாகப்பட்டினம் மாவட்டம்
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

ஐயா,

கிலோ தீவனத்துக்கு 10 கிராம் என்று நீங்கள் சொன்ன அளவிலேயே உங்கள் புரோபயாட்டிக் (நன்மை செய்யும் பாக்டீரியா) பொடி கலந்த இரண்டு வனாமி இறால் குளங்கள், பிடிப்புக்கு முந்தைய பரிசோதனையில் தேறவில்லை. எலைசா எனும் முதற்கட்டச் சோதனையில் ஐயம் எழுந்து, எல்சி-எம்எஸ்/எம்எஸ் எனும் உறுதிச் சோதனையில், தடைசெய்யப்பட்ட நைட்ரோஃபுரான் வகை ஆன்டிபயாடிக்கின் எச்சமான ஏஓஇசட் 0.8 பிபிபி (பிபிபி: நூறு கோடியில் ஒரு பங்கு) என உறுதியானது. அதே குஞ்சு, அதே தீவனம், பொடி மட்டும் இல்லாத பக்கத்துக் குளம் சுத்தமாக இருக்கிறது.

உங்கள் பதிலில் மூன்று சமாதானங்கள் இருந்தன.

முதலாவது, 0.8 என்பது 1.0 வரம்புக்குள்தானே என்பது. அது பழைய கணக்கு. ஐரோப்பிய ஒன்றியம் 2022 நவம்பர் 28 முதல் நைட்ரோஃபுரான் எச்சங்களுக்கு 0.5 பிபிபி என்று குறைத்துவிட்டது. ஏற்றுமதிக்கான பொருளை விற்கிறவர்களுக்கு இது தெரியாது என்றால் நம்ப முடியவில்லை.

இரண்டாவது, இறால் ஓட்டிலேயே இயற்கையாக இருப்பதுதான் என்பது. ஓட்டில் இயற்கையாகக் காணப்படுவது செமிகார்பசைடு என்ற வேறு பொருள். நைட்ரோஃபுரசோன் என்ற நைட்ரோஃபுரான் மருந்தின் எச்சமும் அதுவே என்பதால் அங்கே குழப்பம் வரும். எங்கள் அறிக்கையில் இருப்பது ஏஓஇசட். ஃபுராசோலிடோன் என்ற இன்னொரு நைட்ரோஃபுரான் மருந்திலிருந்துதான் அது வரும். போதாததற்கு, மாதிரியும் ஓடு உரித்த சதை. ஓட்டுக்கு இதில் வேலையே இல்லை.

மூன்றாவது, ஒரு வாரம் பொடியை நிறுத்திவிட்டுப் பிடிக்கலாம் என்பது. இந்த எச்சம் சதைப் புரதத்தோடு பிணைந்து வாரக்கணக்கில் நிற்கும், வேகவைத்தாலும் போகாது. அதுவரை தீவனச் செலவு யார் தலையில்?

நீங்கள் இணைத்த ஆய்வுச் சான்றைப் பாருங்கள். அதிலுள்ள பேட்ச் எண் எங்கள் பைகளில் இல்லை. பாக்டீரியா எண்ணிக்கையும் குளோராம்ஃபெனிகால் என்ற வேறொரு ஆன்டிபயாடிக்கும் மட்டுமே பார்த்திருக்கிறார்கள். நைட்ரோஃபுரான் வரிசையே கிடையாது. கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் ஆன்டிபயாடிக் இல்லாச் சான்று எண்ணும் பையில் இல்லை. திறக்காத இரண்டு பைகளில் ஃபுராசோலிடோனே கிடைத்திருக்கிறது.

இந்தியப் பண்ணை இறாலில் பாதிச் சரக்கை ஐரோப்பிய எல்லையில் சோதிக்கும் நடைமுறை 2016-இல் வந்தது. ஒரு சரக்கு அங்கே சிக்கினால் உறுப்பு நாடுகள் அனைத்துக்கும் எச்சரிக்கை போகும். இந்தக் குளங்களின் இறாலை அந்தச் சந்தைக்கு எந்த ஏற்றுமதியாளரும் வாங்க மாட்டார்.

எனவே:

அந்த பேட்ச் முழுவதையும் கடைகளிலிருந்து உடனே திரும்பப் பெறுங்கள். மீதமுள்ள திறக்காத பைகளில் இருந்து இருதரப்பு முன்னிலையில் மூன்று மாதிரிகள் எடுத்து முத்திரையிடுவோம்: ஒன்று உங்களுக்கு, ஒன்று எங்களுக்கு, ஒன்று ஏற்றுமதிச் சோதனைக்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு. பொடியில் எச்சத்தை மட்டும் தேடாமல் மூல மருந்தான ஃபுராசோலிடோனையும் சோதிக்க வேண்டும். சோதனைக் கட்டணம், பொடி விலை, பிடிப்பு தள்ளிப்போன நாட்களின் தீவனச் செலவு, உள்ளூர்ச் சந்தையில் விற்பதால் விழும் விலை வித்தியாசம் ஆகியவற்றை ஈடு செய்ய வேண்டும்.

பத்து நாளில் எழுத்துபூர்வமான பதில் வராவிட்டால், பைகளையும் அறிக்கைகளையும் மேற்படி ஆணையத்திடமும் எம்பெடாவிடமும் (கடல் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம்) ஒப்படைப்போம்.

இப்படிக்கு,
குழுச் செயலாளர்

இணைப்பு: ஆய்வக அறிக்கைகள், ரசீதுகள், பையின் இருபக்கப் படங்கள்