என்ஜினை மாற்றுவதோடு முடிவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வான்சாகச விமானங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். பிட்ஸ் ஸ்பெஷல் என்னும் சிறிய இரட்டை இறக்கை விமானத்தைப் பற்றித் தமிழில் இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. ஆனால் "என்ஜின் பழுதானதால் புது என்ஜின் பொருத்தப்பட்டு விமானம் மீண்டும் பறந்தது" என்று ஒரே வரியில் கடந்துவிட்டது சரியல்ல. புளோரிடாவில் சிறிய விமானங்களைப் பழுதுபார்க்கும் பட்டறையில் பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்பதால், அந்த ஒரு வரிக்குள் அடங்கிய வேலையை வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

விமான வடிவமைப்பாளர் கர்ட்டிஸ் பிட்ஸ், பிட்ஸ் ஸ்பெஷலின் முதல் விமானத்தைப் புளோரிடாவில் 1944-இல் பறக்கவிட்டார். 1972-இல் பிரான்ஸில் நடந்த உலக வான்சாகசப் போட்டியில் அமெரிக்க அணி வென்றது இந்த விமானங்களைக் கொண்டுதான். நான் சொல்லவருவது இருவர் அமரும் எஸ்-2ஏ வகையைப் பற்றியது. உருக்குக் குழாய்களைப் பற்றவைத்த உடல், ஸ்புரூஸ் மரச் சட்டங்களாலான இறக்கைகள், மேலே இழுத்துப் போர்த்திய துணி, முன்னால் 200 குதிரைத்திறன் கொண்ட நான்கு சிலிண்டர் என்ஜின் என்பதே அதன் அமைப்பு.

எங்களிடம் வந்த ஒரு எஸ்-2ஏ, கடற்கரையை ஒட்டிய கொட்டகையில் அதற்கு முன் நெடுநாள் பறக்காமல் நின்றிருந்தது. மீண்டும் பறக்கத் தொடங்கிய சில மணி நேரங்களுக்குள் சக்தி குறைவதாக உரிமையாளர் உணர்ந்து தரையிறக்கிவிட்டார். ஆயில் ஃபில்டரை அறுத்து, அதனுள் இருந்த மடிப்புக் காகிதத்தை வெள்ளைத்துணி மேல் விரித்தபோது, மீன் செதில் போல மின்னும் இரும்புத் துணுக்குகள் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு வந்தன. இவ்வகை என்ஜினில், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஷாஃப்ட், ப்ரொப்பல்லரைச் சுழற்றும் முதன்மைத் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டுக்கு மேலே இருக்கிறது. என்ஜின் ஓடாத நாட்களில் எண்ணெய் வடிந்து கீழே போய்விட, உப்புக்காற்றின் ஈரம் கேம் ஷாஃப்ட்டின் வழுவழுப்பான பரப்பில் துருப்புள்ளிகளை உண்டாக்குகிறது. பிறகு ஓடும்போது அந்தப் புள்ளிகளிலிருந்துதான் உலோகம் உதிரத் தொடங்குகிறது.

உதிர்ந்த துணுக்கு எங்கெல்லாம் போயிருக்கும் என்பதுதான் அடுத்த கேள்வி. தன் தகடுகளின் கோணத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் ப்ரொப்பல்லர் அதே என்ஜின் ஆயிலின் அழுத்தத்தில்தான் இயங்குகிறது. ஆகவே அதன் நடுக்குடத்தையும், அந்தக் கோணத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் என்னும் கருவியையும் பிரித்துக் கழுவ வேண்டும். ஆயில் கூலரின் நுண்ணிய வழிகளை நம்பிக்கையாகச் சுத்தம் செய்ய முடியாது என்பதால் புதிதாகவே வாங்க வேண்டும். விமானம் தலைகீழாகப் பறக்கும்போதும் ஆயில் பம்ப்புக்கு ஆயில் கிடைக்கும்படி, எடைக்குண்டு விழுந்து வழியை மாற்றும் வால்வும், காற்றையும் எண்ணெயையும் பிரிக்கும் கலமும், பல குழாய்களும் இதில் உண்டு. பளபளக்கும் புது என்ஜினைப் பொருத்திவிட்டு இவற்றை அப்படியே விட்டால், பழைய துணுக்குகள் புது பேரிங்குகளுக்குள் போய்ச் சேரும். இதைச் செய்யாமல் விட்ட விமானங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வேதனையினால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

என்ஜின் கழன்றிருக்கும் காலம், மற்ற நேரத்தில் கண்ணுக்கே படாத இடங்களைப் பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பும் ஆகும். துணியை உரித்தபோது வாலருகே அடிக்குழாயில் துரு தெரிந்தது. அந்தப் பகுதியை வெட்டியெடுத்துப் புதுக் குழாய் பற்றவைத்தோம். மரச் சட்டங்களின் நீளம் முழுவதையும் விளக்கைச் சாய்த்துப் பிடித்து, விரல் நகத்தால் தடவித் தடவிப் பார்த்தோம். அழுத்தத்தால் நார்கள் நசுங்கியதைக் காட்டும் மயிரிழைக் கோடு, நேரே அடிக்கும் வெளிச்சத்தில் தெரியாது. பிறகு பாலியஸ்டர் துணியை ஒட்டி, இஸ்திரிப்பெட்டியின் சூட்டைப் படிப்படியாக 177 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றிச் சுருக்கி, ஒவ்வொரு குறுக்குச் சட்டத்தோடும் மெழுகு நூலால் தைத்து முடிக்கவே மாதக்கணக்கில் ஆனது.

மேம்படுத்துவது என்றால் குதிரைத்திறனைக் கூட்டுவது என்றே பலரும் எண்ணுகிறார்கள். என் அனுபவத்தில், கனமான உலோக ப்ரொப்பல்லருக்குப் பதிலாக இழைகளும் பிசினும் சேர்த்துச் செய்த இலேசான கலப்புப்பொருள் ப்ரொப்பல்லரைப் பொருத்துவதே முதலில் செய்யத்தக்கது. விமானம் கரணமடித்துச் சுழலும்போது, பம்பரம் தன் அச்சைத் திருப்பவிடாமல் எதிர்ப்பதைப் போலச் சுழலும் ப்ரொப்பல்லரும் எதிர்க்கிறது. அந்த விசை முழுவதையும் கிராங்க் ஷாஃப்ட்டின் முன்முனைதான் தாங்குகிறது. எடை குறைந்தால் இந்தச் சுமையும் குறையும். ஆனால் மூக்கில் எடை குறைந்தால் விமானத்தின் எடைமையம் பின்னால் நகரும். எடைமையம் அப்படி நகர்ந்த விமானம், சுழன்றபடி கீழே விழும் நிலையிலிருந்து மீள்வது கடினம். அதனால் தராசில் நிறுத்தி மறுபடி கணக்குப் போட்டு, அதற்குரிய அனுமதியும் பெற்ற பிறகே பறக்க வேண்டும்.

மீட்டெடுத்த விமானத்தை உடனே கரணமடிக்க விடுவதும் கூடாது. முதல் 50 மணி நேரமோ, ஆயில் செலவு ஒரே அளவில் நிலைக்கும் வரையிலோ, வேறு வேதிப்பொருள் எதுவும் கலக்காத மினரல் ஆயில் ஊற்றி, நல்ல சக்தியில் நேராகப் பறந்தால்தான் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரில் சரியாக அமரும்.

இத்தகைய விமானம் ஒன்று "முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது" என்று தங்கள் செய்தியாளர் இனி எழுத நேர்ந்தால், ஆயில் கூலர் புதியதா, துணி உரிக்கப்பட்டதா என்ற இரண்டு கேள்விகளையாவது பட்டறையில் கேட்டு, கிடைத்த பதிலையும் சேர்த்து வெளியிடும்படி வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்பாளர்,
புளோரிடா.