செயலாளரின் ஆண்டறிக்கை: கெம்பஸ் குப்பை கெம்பஸிலேயே பிரியட்டும்

அஸ்ஸலாமு அலைக்கும். தலைவர் அவர்களே, நிர்வாக சபை உறுப்பினர்களே, விரிவுரையாளர்களே, மாணவர்களே, ஒலுவில் ஊர்மக்களே,

நிர்வாக சபை மாதந்தோறும் கூடியது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். மரநடுகையும் கடற்கரைச் சிரமதானமும் வழமைபோல் நடந்தன. கச்சான் காற்றுக் காலத்தில் கன்றுகள் கருகாமல் தண்ணீர் ஊற்றிய மாணவர்களுக்கு இச்சபையில் நன்றி சொல்ல வேண்டும்.

இவ்வாண்டு நாம் அதிகம் பாடுபட்டது ஒரே விடயத்துக்குத்தான்: கெம்பஸில் சேரும் குப்பையை அங்கேயே தரம்பிரிப்பது. தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995இல் தொடங்கிய காலத்திலிருந்து நம்மூரோடு ஒட்டி வளர்ந்தது. அங்கே வீசப்படுவது நம்மூரை விட்டுத் தூரம் போவதில்லை.

அஷ்ரப் நகர் குப்பைமேட்டில் யானைகள் மேயும் படங்களை உலகமே பார்த்தது. நம் அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டில் எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் குப்பை தின்று செத்ததாக 2022இல் செய்தி வந்தது. யானை பொலித்தீனைத் தேடி வருவதில்லை. சோற்றுப் பார்சல் சுற்றும் பொலித்தீன் தாளான லன்ஷீட்டில் சோறும் கறியும் ஒட்டிய வாசம் இருக்கிறது. சோற்றோடு தாளையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது. அது செரிப்பதில்லை, குடலை அடைக்கிறது. வயல்வட்டைக்குப் போகும் வழியில் கிடந்த யானை இலத்தியை மாணவர்கள் குச்சியால் கிளறிப் பார்த்தார்கள். கசங்கிய சொப்பிங் பேக் ஒன்று அப்படியே முழுசாக வந்தது. அதன்பிறகு அவர்களுக்கு நாம் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை.

ஆகவே முதலில் பிரிய வேண்டியது சோறு. மிச்சச் சாப்பாடு பச்சை வாளிக்கும், கடதாசி நீல வாளிக்கும், பிளாஸ்டிக் செம்மஞ்சள் வாளிக்கும் போகட்டும். பச்சை வாளியில் சேர்வதைக் கெம்பஸ் சருகோடு குழியில் அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் காயாமல் இடைக்கிடை புரட்டிவிட்டால் சில மாதங்களில் நல்ல கூட்டெரு கிடைக்கும். சருகை எரிக்கும் வேலையும் நிற்கும். மாரியில் குழியை மூடாவிட்டால் நாற்றமெடுக்கும், அதற்குக் கூரை போட்டே ஆக வேண்டும்.

வாளி வைத்தால் மட்டும் போதாது. பிரித்ததை ஏற்றும்போது ஒன்றாகக் கொட்டினால் பிள்ளைகளின் உழைப்பெல்லாம் வீண். எந்தக் குப்பையை எந்த நாளில் ஏற்றுவது என்று எழுத்தில் முடிவாக வேண்டும். இதை விடாமல் கேட்பது வரப்போகும் நிர்வாக சபையின் கடமை.

சட்டம் நம் பக்கமே இருக்கிறது. பொலித்தீன் லன்ஷீட்டுக்கு 2017 செப்டெம்பரிலேயே தடை வந்தது. 2023 ஒக்டோபர் 1 முதல் ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்டிக் கரண்டி, தட்டு, ஸ்ட்ரோ, இடியப்பத் தட்டு ஆகியவற்றுக்கும் தடை. இருந்தும் பகல் நேரத்தில் சோற்றுப் பார்சல் எதில் சுற்றி வருகிறது என்பதை நாம் எல்லோரும் காண்கிறோம். கடைக்காரரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. கழுவ ஆளும் தண்ணீரும் இருந்தால்தான் அவர் தட்டில் சோறு போடுவார்.

எனவே பின்வரும் பிரேரணையை முன்வைக்கிறேன்: கென்டீனில் இருந்து சாப்பிடுவோருக்குக் கழுவிப் பாவிக்கும் தட்டு, சொந்தச் சாப்பாட்டுப் பெட்டி கொண்டுவருவோருக்கு விலைக்கழிவு, விடுதிகளிலும் விரிவுரை மண்டபங்களிலும் போத்தல் நிரப்பக் குடிநீர்க் குழாய். இம்மூன்றையும் எமது சங்கம் பல்கலைக்கழக நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கேட்க வேண்டும். முதல் தொகுதித் தட்டுகளை வாங்கச் சங்க நிதியிலிருந்து உதவவும் சபை அனுமதி தர வேண்டும். உறுப்பினர் ஒருவர் இதை ஆமோதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.